மிரி மலையில் ஒரு மூதாட்டி

மிரி நகரத்துக்குப் பின்னால் நீளமாகப் படுத்திருக்கும் கனடா மலைக்கு டாக்சியில் ஏறப் பத்து நிமிடம் போதும். உச்சியில் இறங்கினால் சட்டங்களைக் கோத்துக் கட்டிய கூம்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. உயரம் சுமார் 30 மீட்டர். அதன் அடியில் தொப்பி போட்ட சில சிலைகள், வேலை செய்கிற பாவனையில். இதுதான் மலேசியாவின் முதல் எண்ணெய்க் கிணறு. கணக்கேட்டில் இதன் பெயர் 'மிரி எண் 1'. ஊர்க்காரர்கள் 'கிராண்ட் ஓல்ட் லேடி' என்கிறார்கள். நாம் மூதாட்டி என்று வைத்துக்கொள்வோம்.

கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தைத் தினமும் பார்க்கிற கண்ணுக்கு இது பெரிதாகத் தெரியாது. நான் போன அன்று ஒரு சீனக் குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அதில் இருந்த பையன், "இவ்வளவுதானா?" என்று மலாயில் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் இரட்டைக் கோபுரத்துக்கு இது பாட்டி முறை. பாட்டியை உயரத்தை வைத்து எடைபோட முடியாது.

கணக்கைப் பார்ப்போம். 1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி துளையிடத் தொடங்கினார்கள். டிசம்பர் 22ஆம் தேதி எண்ணெய் வந்தது. ஆழம் சுமார் 130 மீட்டர். அதாவது நாளுக்கு ஒரு மீட்டர் என்ற வேகம். முதலில் நாளுக்கு 83 பீப்பாய் கிடைத்தது. ஒரு பீப்பாய் 159 லிட்டர். ஆக 13,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். நெடுஞ்சாலையில் நம்மை முந்திப் போகும் ஒரு பெட்ரோல் டாங்கி லோரியைக்கூட அது நிரப்பாது. 1972 அக்டோபர் 31ஆம் தேதி கிணற்றை மூடும்வரை, 62 ஆண்டுகளில், மூதாட்டி கொடுத்தது மொத்தம் ஏறத்தாழ 660,000 பீப்பாய். இன்று உலகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கோடி பீப்பாய் எண்ணெயைச் செலவழிக்கிறது. மூதாட்டியின் 62 ஆண்டு உழைப்பை அது பத்து நிமிடத்துக்குள் குடித்து முடித்துவிடும்.

இந்தக் கணக்கை நான் மலை மேல் கைத்தொலைபேசியில் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது முறையும் போட்டேன். அதே விடைதான்.

மலாய்க்காரர்கள் இந்த மலையை 'புக்கிட் தெலாகா மிஞ்ஞாக்' என்பார்கள். எண்ணெய்க் கிணற்று மலை. நாம் குளத்துக்குச் சொல்லும் 'தடாகம்' என்ற வடசொல்தான் இந்தப் பக்கம் வந்து 'தெலாகா' ஆகிக் கிணற்றையும் குறிக்கத் தொடங்கியது. கனடா மலை என்ற பெயர், முதல் கிணற்றைத் தோண்டிய மேற்பார்வையாளர் கனடாக்காரர் என்பதால் வந்தது என்கிறார்கள்.

*மண்ணிலிருந்து வந்த எண்ணெய்*

வெள்ளைக்காரர்கள் வந்துதான் மிரியில் எண்ணெயைக் 'கண்டுபிடித்தார்கள்' என்று பள்ளிப் புத்தகம் படித்தவர்கள் நினைப்பார்கள். உண்மை அப்படியில்லை. 1882ஆம் ஆண்டிலேயே குளோட் டி கிரெஸ்பிக்னி என்ற பிரிட்டிஷ் ரெசிடெண்ட், மிரி ஆற்று முகத்துக்கு அருகே உள்ளூர் மக்கள் கையால் தோண்டிய 18 எண்ணெய்க் குழிகளைப் பார்த்துத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மக்கள் அந்த எண்ணெயை மருந்தாகத் தடவினார்கள், விளக்குக்கு ஊற்றினார்கள், படகின் இடுக்குகளில் பூசித் தண்ணீர் புகாமல் அடைத்தார்கள். அவர்கள் அதை 'மிஞ்ஞாக் தானா' என்று அழைத்தார்கள். தானா என்றால் மண். மிஞ்ஞாக் என்றால் எண்ணெய். மண்ணெண்ணெய்!

இரண்டு மொழிக்காரர்கள், ஒருவரை ஒருவர் கேட்காமல், ஒரே பொருளுக்கு ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள். தோட்டத்து லயன் வீடுகளில் மின்சாரம் வருவதற்கு முன் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லோடு சிம்னி விளக்கின் வாசனையும் சேர்ந்தே வரும். படித்தவர்கள் சொல்லும் 'பெட்ரோலியம்' என்பதற்கும் லத்தீனில் கல்லெண்ணெய் என்றுதான் பொருள். மண்ணோ கல்லோ, கீழேயிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

டி கிரெஸ்பிக்னியின் குறிப்பை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குப் பின் பாராம் வட்டாரத்து ரெசிடெண்டாக இருந்த சார்ல்ஸ் ஹோஸ் விடவில்லை. இவர் பூச்சி, பறவை, பழங்குடி வழக்கம் என்று எதைப் பார்த்தாலும் சேகரிக்கிற ஆள். எண்ணெய் கசியும் இடங்களையும் அப்படியே வரைபடத்தில் குறித்து வைத்தார். பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து போனபோது அந்த வரைபடத்தையும் எடுத்துப் போய், ஷெல் குழுமத்தின் ஆங்கிலோ-சாக்சன் நிறுவனத்திடம் காட்டினார். அவர்கள் ஜோசப் தியோடர் எர்ப் என்ற சுவிஸ் நாட்டுப் புவியியலாளரை அனுப்பினார்கள். 1909இல் சரவாக்கின் வெள்ளை ராஜா சார்ல்ஸ் புரூக் குத்தகையில் கையெழுத்திட்டார்.

அன்றைக்கு மிரி என்பது இருபது வீடுகள் அளவிலான ஒரு மீனவக் குப்பம். சில சீனக் கடைகள். மற்றபடி சதுப்பும் காடும். பெயர்களாக நாம் அறிவது ரெசிடெண்ட், புவியியலாளர், ராஜா. மலை மேல் யந்திரத்தைத் தூக்கிப் போனவர்களும் சேற்றில் நின்று கயிறு பிடித்தவர்களும் சிலைகளாக நிற்கிறார்கள். சிலைகளுக்குப் பெயர் கிடையாது.

அவர்கள் துளையிட்ட முறையை நினைத்துப் பார்த்தால் கை வலிக்கும். இன்று போலச் சுழன்று இறங்கும் துரப்பணம் இல்லை. கயிற்றில் கனமான உளி ஒன்றைத் தொங்கவிட்டு, நீராவி யந்திரத்தால் தூக்கித் தூக்கிக் கீழே போடுவார்கள். உளி பாறையை இடித்து நொறுக்கும். கொஞ்ச நேரம் கழித்து உளியை மேலே இழுத்து, வாளி போன்ற ஒன்றை இறக்கி, நொறுங்கிய கல்லையும் சேற்றையும் அள்ள வேண்டும். மறுபடி உளி. நம் வீடுகளில் உலக்கையால் மாவு இடித்த அதே வேலைதான். உரல் 130 மீட்டர் ஆழம், அவ்வளவுதான் வித்தியாசம். நாளுக்கு ஒரு மீட்டர் என்பது இப்போது குறைவாகத் தெரியவில்லை அல்லவா?

எண்ணெய் வந்ததும் ஊர் மாறியது. பாராம் வட்டாரத்தின் நிர்வாகத் தலைமை மாருடியிலிருந்து மிரிக்கு இறங்கி வந்தது. கரையோரக் கடல் ஆழமில்லாததால் எண்ணெய்க் கப்பல் கிட்டே வர முடியாது. அதற்காகக் கடலடியில் குழாய் போட்டார்கள். சுத்திகரிப்பு ஆலை பக்கத்து லுத்தோங்குக்குப் போனது. கனடா மலை நெடுகக் கோபுரமாக முளைத்தது. 1929இல் மிரி வயல் நாளுக்குச் சுமார் 15,000 பீப்பாய் கொடுத்தது. அதுதான் உச்சம். 600க்கும் மேற்பட்ட கிணறுகள். மொத்தம் ஏறத்தாழ 8 கோடி பீப்பாய். இதுவும் இன்றைய உலகத்துக்கு ஒரு நாள் செலவுக்குக் குறைவு.

மூதாட்டிக்குப் பக்கத்திலேயே பெட்ரோலிய அரும்பொருளகம் இருக்கிறது. 2005இல் திறந்தது. மிரி மாநகராக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். உள்ளே பழைய படங்கள், துளைக் கருவிகள், எண்ணெய் எப்படி உருவாகிறது என்ற விளக்கப் படங்கள். பிள்ளைகளோடு போனால் ஒரு மணி நேரம் போகும். எனக்கு அங்கிருந்து வெளியே வந்து மலை விளிம்பில் நின்றதுதான் அதிகம் பிடித்தது. கீழே நகரம், ஆறு, அதற்கு அப்பால் தென்சீனக் கடல். காற்றில் எண்ணெய் வாசனை ஏதும் இல்லை. யாரோ மீ கோரேங் கிளறும் வாசனைதான் வந்தது.

*கட்டியவர்களே உடைத்தது*

மிரி வரலாற்றில் என்னை அதிகம் நிறுத்திவைத்த பக்கம் 1941 டிசம்பர்.

ஜப்பானுக்கு எண்ணெய் வேண்டும். அது மிரிக்கு வரும் என்பது பிரிட்டிஷாருக்கு முன்பே தெரியும். கிணறுகளைக் காப்பாற்றும் அளவுக்குப் படை கிடையாது. ஆகவே அவர்கள் போட்ட திட்டம் வேறு: எதிரி கையில் கிடைக்காமல் எல்லாவற்றையும் நாமே அழித்துவிடுவது. டிசம்பர் 8ஆம் தேதி போர் தொடங்கிய செய்தி வந்ததும் கிணறுகளின் தலைக்கருவிகளை உடைத்தார்கள், குழாய்களைத் துண்டித்தார்கள், லுத்தோங் ஆலையைப் பயன்படாமல் ஆக்கினார்கள். முப்பது ஆண்டு உழைப்பு. உடைத்தவர்களில் பலர் அதை நடத்தியவர்களே.

அந்த வேலைக்குக் காவல் நின்றவர்கள் இந்தியச் சிப்பாய்கள். 15ஆவது பஞ்சாப் ரெஜிமெண்டின் 2ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த ஒரு பிரிவு. டிசம்பர் 13ஆம் தேதி அவர்களும் பொறியாளர்களும் கப்பலேறிக் கிளம்பினார்கள். மூன்று நாளில், 16ஆம் தேதி, ஜப்பானியர் மிரியிலும் லுத்தோங்கிலும் எல்லைக்கு அப்பால் புருணையின் செரியாவிலும் இறங்கினார்கள். எதிர்ப்பே இல்லை. பஞ்சாப் பட்டாளம் பிறகு கூச்சிங்கில் சண்டையிட்டு, காட்டு வழியே டச்சு போர்னியோவுக்குப் பின்வாங்கி, கடைசியில் சரணடைந்தது. மழைக்காலக் காட்டில் அத்தனை தூரம் நடந்தவர்களைப் பற்றி நம் வரலாற்றுப் பாடங்களில் ஒரு வரிகூடக் கண்ணில் படுவதில்லை. கோத்தா பாருவையும் சிங்கப்பூரையும் சொல்லி முடித்துவிடுகிறோம்.

ஜப்பானியர் சும்மா இருக்கவில்லை. உடைந்ததைச் சரிசெய்து எண்ணெய் எடுத்தார்கள். 1945இல் ஆஸ்திரேலியப் படை வந்தபோது, இப்போது அவர்கள் முறை: செரியாவில் கிணறுகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். அந்தத் தீயை அணைக்கவே மாதங்கள் ஆயின. ஒரே எண்ணெயை நான்கு ஆண்டுக்குள் இரண்டு தரப்பும் அழித்திருக்கிறார்கள். இரண்டு முறையும் அந்த மண்ணில் பிறந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்காமல் இருப்பது என்றதும் இன்னொரு விஷயம் நினைவுக்கு வருகிறது. தீபகற்பத்திலிருந்து சரவாக் போகிறவர்களுக்குத் தெரியும். உள்நாட்டு விமானம்தான், ஆனாலும் இறங்கியதும் குடிநுழைவு முகப்பில் மைகார்டைக் காட்ட வேண்டும். சுற்றுலாவாகப் போனால் 90 நாள் தங்க அனுமதி. முதல்முறை போகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். "நம்ம நாட்டுக்குள்ளேயே பாஸ்போர்ட் மாதிரி என்னங்க இது?" என்று என் முன்னால் நின்ற அம்மாள் தன் கணவரிடம் கேட்டார். 1963இல் மலேசியா உருவானபோது சரவாக் தனக்கென்று கேட்டு வாங்கிய உரிமைகளில் குடிநுழைவும் ஒன்று. எண்ணெய் விஷயத்தில் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை.

1960களில் தேடல் கரையிலிருந்து கடலுக்கு நகர்ந்தது. 1963இல் மிரிக்கு வெளியே பாராம் கடல் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. மலை மேல் உள்ள கிணறுகள் அதற்குப் பிறகு சில்லறைக் காசு. 1972இல் மூதாட்டியை மூடினார்கள். இரண்டே ஆண்டில், 1974இல், பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் வந்தது, பெட்ரோனாஸ் பிறந்தது. நாட்டின் எண்ணெயும் எரிவாயுவும் முழுக்க அதன் உரிமை. உற்பத்தி செய்யும் மாநிலத்துக்கு 5 விழுக்காடு. அந்த '5 விழுக்காடு' என்ற சொல் சரவாக்கில் சாதாரணச் சொல் கிடையாது. கடைக்காரர், ஆசிரியர், டாக்சி ஓட்டுநர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது.

என்னை ஏற்றிச் சென்ற ஓட்டுநர் ஒரு கென்யா இனத்தவர். பாராம் ஆற்றின் மேல்பகுதியைச் சேர்ந்தவர். அறுபதை நெருங்கிய வயது. என்னை 'அபாங்' என்றார், நானும் அவரை அப்படியே அழைத்தேன். "உங்க பக்கத்துல இரட்டைக் கோபுரம் இருக்கு அபாங். எங்களுக்கும் ஒண்ணு இருக்கு, மலை மேல பார்த்தீங்களே," என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கோபமாகச் சொல்லவில்லை. பலமுறை சொல்லிப் பழகிய வேடிக்கை என்று தெரிந்தது. அவருடைய அம்மா இருக்கும் நீள்வீட்டுக்குப் போக மரவெட்டு நிறுவனம் போட்ட மண்சாலைதான். மழை பெய்தால் பயணமே இல்லை. மாலையில் ஜெனரேட்டர் போடுவார்கள். அதற்கான டீசலை மிரியிலிருந்து ஏற்றிப் போக வேண்டும். வண்டியும் படகும் மாறி அங்கே போய்ச் சேரும்போது அதன் விலை நகரத்து விலையில்லை.

எண்ணெய் முளைத்த மலையிலிருந்து எண்ணெய் வாங்கிப் போகிறார்கள்.

இந்த வழக்கில் நான் ஒரு பக்கச் சார்பாக எழுதுவதாகத் தோன்றலாம். தீபகற்பத்தின் நியாயமும் உண்டு. 1974க்கு முன் எண்ணெய் அந்நிய நிறுவனங்களின் கையில் இருந்தது. ஒவ்வொரு மாநிலமும் தனியாகப் பேரம் பேசியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பது சந்தேகம்தான். எண்ணெய் இல்லாத மாநிலத்துப் பிள்ளைகளும் அந்தப் பணத்தில் படித்திருக்கிறார்கள். என் உறவிலேயே பெட்ரோனாஸ் உபகாரச் சம்பளத்தில் படித்து வந்த பெண் இருக்கிறாள். எல்லாம் சரி. ஆனாலும் 5 விழுக்காடு என்ற எண்ணைப் பாராமில் நின்று கேட்பதும் கோலாலம்பூரில் நின்று கேட்பதும் ஒன்றாக இல்லை.

சரவாக் அண்மைய ஆண்டுகளில் கேட்பதோடு நிற்கவில்லை. 2017இல் பெட்ரோஸ் என்ற தன் சொந்த நிறுவனத்தை அமைத்தது. 2019 முதல் பெட்ரோலியப் பொருள்களுக்கு 5 விழுக்காடு மாநில விற்பனை வரி விதித்தது. பெட்ரோனாஸ் முதலில் கட்டவில்லை. வழக்கு கூச்சிங் உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2020இல் தீர்ப்பு மாநிலத்துக்குச் சாதகமாக வந்தது. பிறகு வரி கட்டப்பட்டது. இப்போது பேச்சு எரிவாயுவைப் பற்றி. பிந்துலுவிலிருந்து 1983 முதல் ஜப்பானுக்குக் கப்பல் கப்பலாகத் திரவ எரிவாயு போகிறது. எண்ணெயைவிட அதுதான் இனி பெரிய சொத்து என்பது எல்லாருக்கும் தெரியும்.

*இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் கரை*

மிரியில் தமிழர் அதிகமில்லை. ஆனால் மதிய நேரத்தில் சரியான சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடித்தால் நம் ஆட்களைப் பார்க்கலாம். பெரும்பாலும் தீபகற்பத்திலிருந்து எண்ணெய் வேலைக்கு வந்தவர்கள். எனக்கு எதிரே உட்கார்ந்த தம்பிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், சுங்கை பட்டாணிப் பக்கம். வெல்டிங் வேலை. ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் மூலம் கடல் மேடைக்குப் போகிறார்.

"அண்ணே, ரெண்டு வாரம் கடல்ல, ரெண்டு வாரம் கரையில. கடல்ல இருக்கும்போது பன்னெண்டு மணி நேர ஷிப்ட். முடிஞ்சதும் சாப்பாடு, தூக்கம். வேற என்ன செய்யறது அங்க?" என்றார்.

"பயமா இல்லையா தம்பி?"

"ஹெலிகாப்டர் கவிழ்ந்தா எப்படி வெளிய வரணும்னு தண்ணிக்குள்ள முக்கித்தான் பயிற்சி கொடுப்பாங்க. அதுக்கு அப்புறம் கடல் பயம் போயிடும்ணே. சம்பளப் பயம்தான் போகாது."

அவர் சொன்னது எனக்குப் புரிய கொஞ்சம் நேரம் பிடித்தது. 2014 நடுவில் ஒரு பீப்பாய் 100 அமெரிக்க டாலருக்கு மேல் இருந்தது. 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. பெட்ரோல் விலை இறங்கியது என்று நாம் மகிழ்ந்த காலம். மிரியில் அதே காலத்தில் ஒப்பந்தங்கள் நின்றன. இந்தத் தம்பி ஊருக்குத் திரும்பி, ஒன்பது மாதம் மாமனார் கடையில் நின்றார். 2020இல் கொவிட் வந்து விலை மறுபடி விழுந்தபோது இரண்டாவது முறை. "விலை ஏறினா கம்பெனிக்கு லாபம்ணே. இறங்கினா முதல்ல வீட்டுக்கு அனுப்பறது எங்களைத்தான். நிரந்தர வேலைக்காரங்க இருப்பாங்க."

அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்குப் பத்து வயது. பள்ளியில் சுற்றுச்சூழல் பற்றிப் படித்துவிட்டு, வீடியோ அழைப்பில், "அப்பா, எண்ணெய் உலகத்தைச் சூடாக்குதாமே, நீங்க வேற வேலை பார்க்கக்கூடாதா?" என்று கேட்டாளாம். அவர் கடல் மேடையின் சாப்பாட்டு அறையில் நின்றுகொண்டு, "பார்க்கலாம்மா" என்றாராம். சொல்லிவிட்டு ரசத்தைக் குடித்தார். வெல்டிங் தெரிந்த கைக்கு எங்கும் வேலை உண்டு, ஆனால் இந்தச் சம்பளம் எங்கே உண்டு என்பதுதான் அவர் கேள்வி. காற்றாலை, சூரிய மின்பலகை என்றெல்லாம் நான் ஆரம்பித்தேன். "அதுலயும் வெல்டிங் இருக்கும்தானே?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். "அப்ப வரட்டும்ணே, நானும் வர்றேன்," என்றார்.

அன்று மாலை தஞ்சோங் லோபாங் கடற்கரைக்குப் போனேன். குடும்பம் குடும்பமாக மக்கள் உட்கார்ந்து வறுத்த வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். இருட்டியதும் தொலைவில், கடலுக்குள், கொஞ்சம் விளக்குகள் தெரிந்தன. மீன்பிடிப் படகு எது, எண்ணெய் மேடை எது என்று தரையில் நிற்பவனுக்குப் பிரித்துச் சொல்ல முடியாது.

மறுநாள் விமானத்துக்குப் போகும் வழியில் கென்யா ஓட்டுநரிடம் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னேன். விமான நிலையச் சாலையோரம் மலையை வெட்டிய ஒரு சரிவு இருக்கிறது. சுற்றுலாக் கையேடுகள் இதற்கு அதிக இடம் கொடுப்பதில்லை. புவியியல் படிப்பவர்கள் மட்டும் உலகத்தின் பல பக்கங்களிலிருந்து தேடி வருகிறார்கள். மிரிக்குப் போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பேன். அரும்பொருளகத்தில் படமாகப் போட்டிருப்பது இங்கே அசலாக நிற்கிறது.

மஞ்சள் மணற்கல் அடுக்கு, அதன் மேல் சாம்பல் நிறக் களிமண் அடுக்கு, மறுபடி மணற்கல். நம்ம லாப்பிஸ் கேக்கை வெட்டி வைத்தது போல. நடுநடுவே அடுக்குகள் பிளந்து, ஒரு பக்கம் கீழே இறங்கியிருக்கிறது. பிளவு நெடுகக் களிமண்ணைக் கத்தியால் தடவிவிட்டது போல ஒரு கருங்கோடு. வயது சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டு.

அப்போது இந்த இடம் கடலோரம். ஆறுகள் மணலையும் சேற்றையும் கொண்டு வந்து கொட்டின. கூடவே இலை, கட்டை, கண்டல் காட்டுக் குப்பை. எண்ணெய் என்றால் டைனோசர் என்று பிள்ளைகள் சொல்வார்கள். உலகில் பல இடங்களில் அது நுண்ணிய கடலுயிர்களிலிருந்து வந்தது. மிரிப் பக்கத்து எண்ணெயிலோ பெரும்பங்கு இப்படிப்பட்ட தாவரக் குப்பைதான். புதைந்து, ஆழத்தில் வெந்து, எண்ணெயாகி மேலே ஏறத் தொடங்கியது. மணற்கல்லில் நுண்துளைகள் உண்டு. அதில் எண்ணெய் ஊறி நகரும். களிமண் விடாது. இந்த அடுக்குகள் மலைக்கு அடியில் கவிழ்த்த கிண்ணம் போல வளைந்திருப்பதால், ஏறி வந்த எண்ணெய் கிண்ணத்தின் உள்ளே மாட்டிக்கொண்டது. பிளவு வழியே ஓடிவிடாமல் அந்தக் களிமண் தடவல் பல இடங்களில் அடைத்தது. அடைபடாத இடங்களில் கசிந்தது. 1882இல் ரெசிடெண்ட் பார்த்த 18 குழிகள் அந்தக் கசிவுகள்தான். எர்ப் வந்து செய்ததும், ஒழுகும் இடத்தைப் பார்த்துக் கிண்ணம் எங்கே இருக்கிறது என்று கணித்ததுதான்.

ஓட்டுநர் இந்தச் சாலையில் முப்பது ஆண்டாகப் போய்வருகிறவர். மழையில் சரிந்த மண் என்றே இதுநாள்வரை எண்ணியிருந்தாராம். வண்டியைவிட்டு இறங்கி வந்தார். உதிர்ந்து கிடந்த மணற்கல் துண்டு ஒன்றை எடுத்து விரலால் தேய்த்தார். மணல் மணலாகக் கொட்டியது.

"இதுக்குள்ளேயா அபாங் எண்ணெய் இருந்துச்சு?"

"இது மாதிரிக் கல்லுக்குள்ள. அடியில."

அவர் மறுபடி தேய்த்துப் பார்த்தார். பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, மீதித் துண்டை வண்டிக்குள் கண்ணாடிக்குக் கீழே, பேரனுக்கு என்று வைத்தார். போகிற வழியில் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, 30 வெள்ளிக்கு ரோன் 95 போட்டுக்கொண்டோம்.